மிச்சமாகும் நிமிடம் யாருடையது?

மருத்துவமனைகளில் செவிலியரின் பணிச்சுமையைச் செயற்கை நுண்ணறிவால் குறைக்க முடியுமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. முடியும். இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. ஒரு கருவி ஒரு டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு நாற்பது நிமிடம் மிச்சப்படுத்தித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பது நிமிடம் எங்கே போகிறது? நோயாளியின் கட்டிலருகே போகிறதா, இன்னும் இரண்டு கட்டில்களை அதே நர்ஸின் தலையில் கட்டுவதற்குப் போகிறதா, முன்பு இல்லாத புதுப் படிவம் ஒன்றை நிரப்பப் போகிறதா? கருவியை விற்பவர்கள் நாற்பது நிமிடக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அதற்கு அடுத்த கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். என் கட்சி இதுதான்: அந்த நிமிடங்கள் கட்டிலருகே திரும்பி வந்தாக வேண்டும். நியாயம் கருதி மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படித் திரும்பி வராவிட்டால் அந்தக் கருவியே நாளடைவில் ஒழுங்காக வேலை செய்யாது.

சுமை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அரசு மருத்துவமனையின் பொது வார்டு; இரவுப் பணி முடியும் தறுவாய். சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டாக வேண்டும், ரத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும், வெப்பமும் நாடியும் மூச்சும் பார்த்து டிபிஆர் சார்ட்டில் ஏற்றியாக வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வேலையை மட்டும் அருகில் போய்ப் பாருங்கள். நோயாளியின் சிறுநீர்ப் பையைத் திறந்து அளவு ஜாடியில் வடிக்கிறார் நர்ஸ். 350 மில்லி. கையுறையைக் கழற்றிக் கை கழுவுகிறார். அதற்குள் அடுத்த கட்டிலில் டிரிப் தீர்ந்துவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். 350 என்பதை ஒரு பிளாஸ்டர் துண்டில் கிறுக்கிக்கொண்டு போகிறார். பிறகு அந்த எண் இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் ஏறுகிறது. 24 மணி நேரக் கூட்டல் போட்டதும் கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. நோயாளி மோசமான நிலையில் இருந்தால் ரிப்போர்ட் புத்தகத்திலும் ஏறுகிறது. கணினி வந்துவிட்ட இடங்களில் இன்னொரு முறை அங்கும் ஏறுகிறது. வடித்து அளந்தது ஒரு தடவை, பதிவுகளில் ஏற்றியது நான்கு தடவை. இந்த விகிதம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் செவிலியரின் நேரம் எப்படிச் செலவாகிறது என்று அளந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பணி நேரத்தில் 35 விழுக்காடு பதிவு எழுதுவதில் போயிருந்தது. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வேலைகளுக்கு 19 விழுக்காடு கிடைத்தது. உடல்நிலையை மதிப்பிடவும் நாடி, வெப்பம் பார்க்கவும் 7 விழுக்காடுதான்.

ஆக, பேனாவைப் பிடுங்கிக்கொண்டால் போதும், சுமை இறங்கிவிடும் என்று தோன்றும். இந்த நம்பிக்கை ஏற்கெனவே ஒரு தடவை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2009இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, பல்லாயிரம் கோடி டாலர் ஊக்கத்தொகையை அள்ளிக் கொடுத்து, மருத்துவமனைகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றியது. எழுதும் வேலை எளிதாகும் என்றார்கள். நடந்தது வேறு. காகிதத்தில் இடம் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். திரையில் அந்த எல்லை கிடையாது. காப்பீட்டு நிறுவனம் ஒரு கட்டம் சேர்த்தது, தரச்சான்று தருபவர் ஒரு கட்டம் சேர்த்தார், வழக்குக்குப் பயந்த நிர்வாகம் பத்துக் கட்டம் சேர்த்தது. கேட்பவருக்குச் செலவில்லை, நிரப்புபவருக்கு மட்டும்தான் செலவு. அப்படிப்பட்ட இடத்தில் கேள்விகள் பெருகத்தான் செய்யும். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்களைக் கேட்டால் இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி மென்பொருள் வந்த பிறகும் பதிவேடுகள் போகவில்லை என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகம் ஒன்றில் சலவை இயந்திரமும் மற்ற வீட்டுக் கருவிகளும் வந்தும் இல்லத்தரசியின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பதை ஆராய்ந்தார். துவைப்பது எளிதானதும் துணி அடிக்கடி மாற்றும் பழக்கம் வந்துவிட்டது. வார்டிலும் அதே கதைதான்.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாரா ரொசெட்டியும் அவர் குழுவினரும் கன்சர்ன் என்ற எச்சரிக்கை அமைப்பை உருவாக்கினார்கள். ரொசெட்டி செவிலியராகப் பயிற்சி பெற்றவர். அது அந்தக் கருவியின் அமைப்பிலேயே தெரிகிறது. பொதுவாக இத்தகைய கருவிகள் ரத்த அழுத்தம் என்ன, நாடித் துடிப்பு என்ன, ஆய்வக முடிவு என்ன என்று எண்களைப் பார்க்கும். கன்சர்ன் எண்களைவிட எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய நாடியை நர்ஸ் ஒன்றரை மணி நேரத்திலேயே ஏன் மறுபடி பார்த்தார்? வழக்கமாகக் குறிப்பு எழுதாத நடுநிசியில் ஏன் ஒரு குறிப்பு எழுதினார்? தரவேண்டிய மருந்தை ஏன் தராமல் நிறுத்திவைத்தார்? அனுபவமுள்ள நர்ஸுக்கு நோயாளியின் முகம் சரியில்லை என்று பட்டுவிடும். டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லக் கையில் ஆதாரம் இருக்காது. ஆனால் கால் தானாக அந்தக் கட்டில் பக்கம் போகும். அந்தக் கவலை பதிவேட்டில் விட்டுச்செல்லும் தடத்தைத்தான் இயந்திரம் படித்தது.

இரண்டு மருத்துவக் குழுமங்களின் 74 வார்டுகளில், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளி அனுமதிகளை வைத்து, சில வார்டுகளில் கருவியோடும் சிலவற்றில் கருவி இல்லாமலும் சோதித்தார்கள். முடிவு 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. கருவி இருந்த வார்டுகளில் இறப்பு அபாயம் 35 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் காலம் 11 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டு எண்களும் செய்தியாயின. மூன்றாவது எண் ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசவில்லை. முன்னரே திட்டமிடாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படும் வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு கூடியது. முன்கூட்டியே தெரிந்ததால் முன்கூட்டியே மாற்றியிருக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உயிர் பிழைத்தது அதனால்தான் என்றால், கருவி வந்தபின் மனிதக் கைகளுக்கு வேலை குறையவில்லை, இன்னும் அவசரமான வேலை வந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்த இயந்திரத்தின் அறிவு நர்ஸின் கவனத்திடம் வாங்கிய கடன். நர்ஸ் கட்டிலருகே போகாவிட்டால் தடம் இல்லை. தடம் இல்லாவிட்டால் எச்சரிக்கை இல்லை. நாற்பது நிமிடம் மிச்சமானது என்று காரணம் காட்டி ஐந்து நோயாளிகளை எட்டாக்கினால், நர்ஸ் அட்டவணைப்படி மட்டுமே ஒவ்வொரு கட்டிலுக்கும் போவார். கவலையால் போன அந்த அதிகப்படி நடை நின்றுவிடும். பதிவேடு சீராக இருக்கும், இயந்திரமும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும். பதிவு முழுவதையும் தானியங்கி ஆக்கினாலும் இதே ஆபத்து உண்டு. நிமிடத்துக்கு ஒரு முறை உணரி தானாக நாடியைக் குறித்துக்கொண்டே போனால், எந்த நாடி கவலையால் பார்க்கப்பட்டது என்று பிரித்தறிய வழியில்லை.

நர்ஸை விலக்கிவிட்டு எண்களை மட்டும் நம்பிய கருவிக்கு என்ன நேர்ந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் இருந்த எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் கணிப்பு முறையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சுதந்திரமாகச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உயிரைக் குடிக்கும் அந்த நிலைக்கு ஆளானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டது. அதே சமயம் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை மணி அடித்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வார்டில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவையின்றி அடிக்கும் மணியை நாலு தடவை ஓடிப்போய்ப் பார்த்தவர் ஐந்தாவது தடவை நடந்துதான் போவார். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கையின்படி, மருத்துவக் கருவிகள் எழுப்பும் ஒலிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை. மணி அடித்ததும் அடிக்காததும் தொடர்பாக மூன்றரை ஆண்டுகளில் அதற்குத் தெரிவிக்கப்பட்ட 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்திருந்தன. எச்சரிக்கையும் ஒரு சுமைதான்; அதற்கும் நிமிடக் கணக்கு போட வேண்டும்.

அப்படியானால் இயந்திரத்திடம் எதைத்தான் கொடுப்பது? ஒரு தடவை சொன்னதை நான்கு இடத்தில் ஏற்றும் வேலையைக் கொடுக்கலாம். 350 என்று வாயால் சொன்னால் சார்ட்டிலும் கேஸ் ஷீட்டிலும் ரிப்போர்ட்டிலும் அதுவே போய் உட்காரட்டும், கூட்டலும் போடட்டும். டிஸ்சார்ஜ் குறிப்பின் முதல் வரைவு, மருந்து இண்டெண்ட், டியூட்டி மாறும்போது கொடுக்க வேண்டிய ஹேண்ட் ஓவர் சுருக்கம், விடுப்பையும் இரவுப் பணியையும் சமன் செய்யும் டியூட்டி பட்டியல் என்று இந்த வரிசை நீளும். இவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில் யாருமே பேசாத வாக்கியங்களை அது தானே சேர்த்திருந்தது. பேச்சில் நீண்ட மௌனம் இருந்த இடங்களில் இது அதிகம். நூற்றில் ஒன்று என்பது கூட்ட அறிக்கைக்குப் பரவாயில்லை. மருந்து அளவுக்குப் பரவாயில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நம் வார்டுகளில் பேச்சு தமிழில் ஓடினாலும் அளவுகளை ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மின்விசிறிச் சத்தத்தில் மனிதக் காதுக்கே ஒன்றுபோல விழும். ஆகவே எழுதும் நிமிடத்தை மிச்சப்படுத்திய கருவி சரிபார்க்கும் நிமிடத்தைக் கேட்கும். அதையும் கழித்த பிறகு மீதி வருவதுதான் உண்மையான மிச்சம். விளம்பரத்தில் வரும் எண் கழிப்பதற்கு முந்தையது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுக்கிறேன். கட்டிலருகே திரும்பட்டும் என்பதெல்லாம் நர்ஸ் நிறைய உள்ள நாட்டுப் பேச்சு. இரவில் நாற்பது பேருக்கு ஒருவர் இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு கண் விழித்திருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பெங்களூருவில் உருவான டோசி போன்ற கருவிகள் மெத்தைக்கு அடியில் விரித்த தகட்டின் மூலம் உடலைத் தொடாமலே நாடியையும் மூச்சையும் கணிக்கின்றன. நாற்பதில் எந்தக் கட்டிலுக்கு முதலில் போக வேண்டும் என்று அது சுட்டிக்காட்டுமானால் நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு கட்டில்கள் ஒரே நேரத்தில் சிவப்பு காட்டினால், கண் இரண்டாகிவிட்டது, கை ஒன்றுதான் இருக்கிறது. தகடு மூச்சுத் திணறலைக் கண்டுபிடிக்கும். தலைமாட்டை உயர்த்தி ஆக்சிஜன் மாட்டாது.

அந்த மறுப்பின் அடியில் ஒரு தவறான அனுமானமும் இருக்கிறது: ஆள் இல்லை என்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை 2023ஆம் ஆண்டுக்கு உலகில் 2.98 கோடி செவிலியர் இருப்பதாகவும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை என்றும் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரி. தமிழ்நாட்டில் என்ன நிலவரம்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி 2015இல் பணியில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரமும் காலமுறை ஊதியமும் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட்டம் நடத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியச் செவிலியர் குழுமத்தின் விதிமுறை, கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று கட்டிலுக்கு ஒரு பணியிடம், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து கட்டிலுக்கு ஒன்று, விடுப்புக்கு ஈடாக மேலும் 30 விழுக்காடு என்று சொல்கிறது. மூன்று ஷிஃப்ட்டுக்கும் பங்கிட்டால் அந்தக் கணக்கே ஒரு நேரத்தில் ஒன்பது பேருக்கும் பதினைந்து பேருக்கும் ஒருவர் என்று ஆகிறது. படித்துவிட்டு வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விமானம் ஏறுபவர்களும் உள்ளூரில் தனியார் மருத்துவமனையில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்பவர்களும் இருக்கும் மாநிலத்தில் பற்றாக்குறை பணியிடத்துக்குத்தான். பணியிடத்தை எந்த மென்பொருளும் உருவாக்காது. அரசாணைதான் உருவாக்கும்.

செவிலியர்கள் புதுமையை எதிர்க்கிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 2024 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைக்கு முன் நர்ஸ்கள் செயற்கை நுண்ணறிவைக் கண்டித்து நின்றார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஹிப்போகிராட்டிக் ஏஐ என்ற நிறுவனம் மணிக்கு 9 டாலர் என்று விலை சொல்லித் தன் பேசும் மென்பொருளை நர்ஸின் சம்பளத்தோடு ஒப்பிட்டு விளம்பரப்படுத்தியிருந்தது. நர்ஸின் மணிக்கூலி அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். சுமை குறைக்க வருகிறேன் என்பவர் உங்கள் சம்பளத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டிக்கொண்டு வந்தால் வேறு எப்படி வரவேற்பது? (ஆரிகன் மாநிலம் 2025இல் மனிதரல்லாத எதுவும் நர்ஸ் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இயற்றிவிட்டது.) நம்பிக்கையோடு கொடுத்த இடத்தில் நர்ஸ்கள் கருவியைத் தூக்கி நிறுத்தியும் இருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018இல் வந்த செப்சிஸ் வாட்ச் முறையில், ஆபத்துப் பட்டியலைப் பார்த்து அவசரப் பிரிவு டாக்டருக்கு ஃபோன் செய்வது நர்ஸின் பொறுப்பு. அதை ஆராய்ந்த மேடலின் எலிஷும் எலிசபெத் வாட்கின்ஸும் 2020 அறிக்கையில் அந்த ஃபோன் அழைப்புகளைத்தான் விரிவாகப் பதிவு செய்தார்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டால் டாக்டர் எரிந்து விழ மாட்டார், இயந்திரம் சொல்கிறது என்று எப்படிச் சொன்னால் அவர் தன்மானம் புண்படாது என்பதையெல்லாம் நர்ஸ்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். பாராட்டு இயந்திரத்துக்குப் போனது. அந்த அழைப்புக்கு ஆன நேரம் எந்தப் பணிப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

கடைசியாக நிதி அதிகாரியின் கேள்வி. கோடிகள் போட்டுக் கருவி வாங்கி, மிச்சமாகும் நேரத்தையும் நர்ஸிடமே கொடுத்துவிட்டால் எனக்கு என்ன லாபம் என்பார். லிண்டா ஐக்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவை அவர் மேசையில் வைக்க வேண்டும். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. கன்சர்ன் சோதனையில் தங்கும் காலம் 11 விழுக்காடு குறைந்தது. கட்டில் சீக்கிரம் காலியாவது லாபம்தான்; அதைக் கணக்குப் புத்தகத்தில் சம்பளப் பத்தியில் தேடினால் கிடைக்காது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது கடினமில்லை, சட்டமன்றம் வரை போகத் தேவையும் இல்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தும் கருவியும் வாங்கும்போது தரத்துக்கு எத்தனையோ நிபந்தனை போடுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியிலும் சிலவற்றைச் சேர்க்கலாம். இந்தக் கருவி வந்தால் எந்தெந்தப் பதிவேடு நிறுத்தப்படும் என்று மருத்துவமனைத் தலைமை முன்பே எழுதித் தர வேண்டும். ஒரு பதிவேடும் போகாதென்றால் கருவியும் வேண்டாம். பணியிடங்களைக் கணக்கிடும்போது கருவி இல்லை என்று வைத்தே கணக்கிட வேண்டும். இயந்திரத்தின் எச்சரிக்கையைக் காரணம் எழுதி ஒதுக்கிவைக்கும் உரிமை நர்ஸுக்கு வேண்டும்; அந்தக் குறிப்பு பிறகு அவர்மேல் விசாரணைக்கு ஆதாரமாகக் கூடாது. இல்லையென்றால் எல்லா மணிக்கும் டாக்டரைக் கூப்பிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார், அதில் தவறும் இல்லை. வாங்குவதற்கு முன் ஆறு மாதம் ஒரு வார்டில் வைத்து, சரிபார்க்கும் நேரத்தையும் வீண் மணிக்கு ஓடிய நேரத்தையும் கழித்து, கட்டிலருகே எத்தனை நிமிடம் கூடியது என்று அளந்து பார்க்க வேண்டும். அளந்து கையெழுத்துப் போடும் குழுவில் கண்காணிப்பாளரும் கணினிப் பொறியாளரும் இருக்கட்டும். அவர்களோடு நைட் டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் இருவரும் இருக்க வேண்டும், கூட்டத்துக்கு வரும் நாளை அவர்களுக்குப் பணிநாளாகக் கணக்கிட்டு.